கண்ணாடிக் கடையில் பூட்டிய அஞ்சல்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்பேனர் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? இங்கே அம்மாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மற்றபடி எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

மாமா, இந்தக் கடிதத்தை அத்தையைத் தவிர யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். உங்களிடம் ரகசியம் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்று என்பார் அம்மா. ஆனாலும் எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் ஊர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் எஞ்சின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறதல்லவா, அதில் சேர விண்ணப்பிக்கப் போகிறேன். அண்ணனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே முடிந்தது. அப்பா போனதிலிருந்து லாரி ஆபீஸ் கணக்கு என் கையில்தான். கணக்கை மூடி வைத்துவிட்டு ஷெட்டில் எஞ்சினுக்கு அடியில் நான் படுத்திருப்பதே அவனுக்குப் பிடிக்காது. கடல் என்றால் கேட்கவே வேண்டாம். கெட்டவன் இல்லை, பயந்தவன். என் போன், என் மெயில் எல்லாம் அவன் போட்டுக் கொடுத்தவை, பாஸ்வேர்டும் அவனிடம். "உன் நல்லதுக்குத்தான்" என்று தினமும் திறந்து பார்ப்பான்.

என் தோழி ஒருத்தி பல் டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். அங்கே கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் அந்த டாக்டர் அண்ணனோடு ஷட்டில் ஆடுகிறவர், அவரும் அதே கம்ப்யூட்டரில்தான் உட்காருவார். அதனால் சாதாரண மெயில் சரிப்படாது, பூட்டுப் போட்ட மெயில்தான் வேண்டும். அனுப்புகிறவரையும் வாங்குகிறவரையும் தவிர நடுவில் யார் திறந்தாலும் குப்பை எழுத்துதான் தெரியும். அதற்கான புரோகிராமை உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். எப்படி என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்காரர்கள் எழுதுவதெல்லாம் உங்கள் முகவரிக்கு வரும். நீங்கள் அதைப் பூட்டி எனக்கு அனுப்பினால் போதும். கடிதமாக எழுதுவதாக இருந்தால் தோழியின் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

உங்களால் முடியும்தானே?

என்றும் உங்கள்,
ஸ்பேனர்


ஜனவரி 20

எஞ்சின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் என் மருமகளுக்கு,

இங்கே நானும் உன் அத்தையும் கடையில் சாய்ந்திருக்கும் கண்ணாடிகளும் கீறல் விழாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். என் முட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது வலிப்பதை நிறுத்திவிட்டது; டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு இது இருபத்தைந்து வயசுப் பையன் முட்டி என்றார். உன் அத்தை பக்கத்தில் நின்றதால் சத்தமாகச் சொல்லவில்லை.

"உங்களால் முடியும்தானே" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். யாரைப் பார்த்துக் கேட்கிறாய்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுப் போனது, மூளை என் கூடவே வந்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரையே நான் காசு கொடுத்தா வாங்கினேன்? ஜவுளிக் கடைக்கு முகப்புக் கண்ணாடி மாட்டியதற்கு, முதலாளி கண் கலங்கி, "இத நீங்கதான் வச்சுக்கணும்" என்று தூக்கிக் கொடுத்தது. (பழசுதான். ஆனால் கண் கலங்கியது நிஜம்.)

உன் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். புரோகிராம் இறங்கி முடிவதற்குள் ஒரு வீட்டுக்கான ஜன்னல் அத்தனையும் வெட்டி அடுக்கிவிட்டேன். கடைசியில், கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போடு என்றது. எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் நமக்கு இல்லையே! கடையின் மெயின் சுவிட்சையே இறக்கி ஏற்றினேன். எதிர்த் தையல் கடைக்கும் அதே லைன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "யோவ் கண்ணாடி! ஒரு கைய வச்சுட்டேன், இன்னொரு கை பாதியில நிக்குது!" என்று தையல்காரர் போட்ட சத்தம் உங்கள் ஊருக்கே கேட்டிருக்கும். உள்ளே சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பயந்துபோய் ஒற்றைக் கையோடு ரோட்டுக்கு வந்துவிட்டான்.

புரோகிராம் இரண்டு சாவி உண்டாக்கியது. அதில் ஒன்றை உனக்கு அனுப்பும்படி எழுதியிருக்கிறாய். மன்னித்துக்கொள் மருமகளே, அது நடக்காது. சாவியை ஊருக்குக் கொடுக்கவா பூட்டுப் போடுகிறோம்? நீ சின்னப் பெண், உலகம் தெரியாது. இரண்டு சாவியையும் கம்ப்யூட்டரில் ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் ஒரு பென் டிரைவில் போட்டு, அதைச் சுற்றிக் கனத்த கண்ணாடியில் ஒரு பெட்டி செய்து, எல்லாப் பக்கமும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இனிமேல் நானே ஆசைப்பட்டாலும் எடுக்க முடியாது. "உள்ள இருக்கிறது ஊருக்கே தெரியுது. இது பெட்டியா, காட்சிப் பொருளா?" என்று கேட்கிறாள் உன் அத்தை. அவளுக்குப் பாதுகாப்பைப் பற்றி என்ன தெரியும்?

உன்னை நினைத்து மார்பு நிமிர்த்தும்,
மாமா


ஜனவரி 28

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தோழியும் நானும் படித்தோம். அவள் சிரித்த சிரிப்பில் டாக்டரே வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. உங்கள் முட்டிக்கு என் வாழ்த்துகள்.

பெட்டியை உடையுங்கள் மாமா. நீங்கள் அனுப்ப வேண்டிய முதல் சாவி, சாவியே இல்லை. திறந்து கிடக்கிற பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வாங்கியவர் உங்களுக்கான சாமானை உள்ளே வைத்து அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். பூட்டியவராலும் பிறகு திறக்க முடியாது. திறப்பது உங்களிடம் இருக்கிற இரண்டாவது சாவி மட்டும்தான். அதை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், எனக்கும் வேண்டாம்.

இன்னும் மூன்று விஷயம். பாஸ்வேர்டை வாயால் சொல்லிக்கொண்டே அடிக்காதீர்கள். திரை மற்றவர் கண்ணில் படாத மாதிரி மேஜையைத் திருப்பிப் போடுங்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

பள்ளியில் சேரும் நாளில் அசல் சான்றிதழ்கள் கேட்பார்கள். அவை ஆபீஸில் அண்ணனுடைய பீரோவில் இருக்கின்றன. கணக்குப் பார்க்கிறவள் என்பதால் பீரோ சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. அவனுக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்தச் சாவி போய்விடும். அதோடு எல்லாம் போய்விடும்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்,
ஸ்பேனர்


பிப்ரவரி 11

பூட்டுகளின் ராணிக்கு,

நாங்கள் திடமாக இருக்கிறோம். பெட்டியை உடைத்ததில் கட்டை விரலில் சின்னக் கீறல். அதைச் செய்தவன் பெரிய தொழிலாளி என்பதால் உடைக்கவும் பெரிய தொழிலாளி தேவைப்பட்டான். இரண்டுமே நான்தான்.

வெற்றி! வெற்றி! நீ அனுப்பிய மெயில் வந்தது. முதலில் பார்த்தால் எறும்பு வரிசை கலைந்த மாதிரி எழுத்து. எனக்கு உயிரே போய்விட்டது, கம்ப்யூட்டர் செத்தது என்று நினைத்தேன். பாஸ்வேர்டை அடித்து ஒரு தட்டுத் தட்டினேன், பார், அத்தனை எறும்பும் ஓடிவந்து வரிசையில் நின்று, "மாமா, இது தெரிகிறதா?" என்று கேட்டது! தெரிகிறது தாயே, தெரிகிறது! நான் போட்ட சத்தத்தில் உன் அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள். அவளுக்கும் காட்டினேன். "இதுக்கா கத்துனீங்க?" என்றாள். ஆனால் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பூட்டித் திறக்கச் சொன்னாள். மொத்தம் எத்தனை தடவை திறந்து காட்டினேனோ, எனக்கே தெரியாது.

எழுத்தைப் பெரிது பண்ணிக்கொண்டேன். இப்போது சினிமா போஸ்டர் அளவுக்குத் தெரிகிறது. கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே என்கிறாள் உன் அத்தை. கண்ணாடிக் கடைக்காரனே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தொழிலுக்கு என்ன மரியாதை?

மேஜை விஷயத்தில் நீ கவலையே படாதே. முன்பு திரை தெருவைப் பார்த்து இருந்தது. இப்போது நான் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருகிறேன், திரை என்னைப் பார்க்கிறது. தெருவில் போகிறவனுக்குக் கம்ப்யூட்டரின் முதுகும் ஒயரும் மட்டும்தான் தெரியும். ராணுவத்தில்கூட இப்படி ஒரு ஏற்பாடு இருக்காது. தலைக்கு மேல் சுவர் முழுக்க விற்பனைக் கண்ணாடிகளை மாட்டி அழகுபடுத்தியும் விட்டேன்.

நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல்காரர், "என்னய்யா, மேஜைய மாத்திட்ட?" என்று கேட்டார். "ஒரு ரகசியம் இருக்கு. என்னன்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் மூன்று தடவை டீ வாங்கிக் கொடுத்தும் நான் அசையவில்லை.

உன் சான்றிதழ் நகல்களைப் பூட்டி அனுப்பு. டைப் அடித்துப் பதில் போட மட்டும் என்னைக் கூப்பிடாதே. ஒரு வரி அடிக்கிற நேரத்தில் ஒரு ஷோகேஸ் செய்துவிடலாம். நான் பேனாவாலேயே எழுதுகிறேன்.

வெற்றி வீரன்,
மாமா


மார்ச் 17

அன்பு மருமகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. இங்கே எல்லாம் சரி. உன் நகல்கள் எல்லாம் பத்திரமாக வந்தன. அச்சடித்து, நீ சொன்ன மாதிரி விண்ணப்பத்தோடு சேர்த்து, நானே நேரில் பள்ளிக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய எஞ்சினைக் குறுக்கே அறுத்து, வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆள் உயரம். அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான். நீ சின்னப் பிள்ளையாக என் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மீதி இருந்த திருகுகளைப் பாவாடை மடியில் ஒளித்து வைத்தாயே!

விண்ணப்பம் வாங்குகிற ஜன்னலில் கண்ணாடி குறுக்கே விரிசல், மேலே டேப் ஒட்டியிருந்தது. எனக்குப் பொறுக்குமா? குமாஸ்தாவிடம், "இந்தக் கண்ணாடி வழியா பாத்தா நல்ல பசங்ககூடக் கோணலாத்தான் தெரிவாங்க" என்றேன். அவர் முறைத்தார். கடைக்குத் திரும்பிப் போய், அளவுக்கு வெட்டி எடுத்து வந்து, நானே மாட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கூடமே எழுந்து கைதட்டியது. சரி, குமாஸ்தா மட்டும். அவரும் கைதட்டவில்லை, "பரவாயில்லையே" என்றார். ஆனால் உன் விண்ணப்பத்தில் குத்திய முத்திரை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தமாக விழுந்தது.

தேர்வு ஏப்ரல் கடைசி ஞாயிறு. தோழி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போய்விடு. உன் அத்தை இப்போதே உனக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறாள்.

மாமா


ஜூன் 3

கப்பல்காரிக்கு!

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் நன்றாகத்தான் இருப்பாய், ஏனென்றால் உனக்கு இடம் கிடைத்துவிட்டது!

மெயிலைப் பூட்டி உனக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பார்த்திருப்பாய். பார்த்தாலும் பரவாயில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். காலையில் கடை திறந்து திரையைப் பார்க்கிறேன், பள்ளியிலிருந்து மெயில். "தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்று ஒரு வரி. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்றால், சுவர் பக்கம் திரும்பினாலும் அந்த எழுத்தே தெரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது, கத்தக் கூடாது. ஓட வேண்டும் போல இருந்தது, முட்டி விடாது. என்ன செய்வேன்? இருப்பதிலேயே பெரிய கண்ணாடியை மேஜையில் கிடத்தி, கண்ணாடி வெட்டுகிற வைரத்தை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே இழுப்பு! தலைமுடி அகலம் கோணவில்லை. அது யாருக்கு, எதற்கு என்று இப்போது எனக்கே தெரியவில்லை. உன் அத்தை ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால், தூசி என்றாள்.

ஜூன் பதினாறு, திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். ஜாக்கிரதை, ஜாக்கிரதை, ஜாக்கிரதை.

பூமியில் கால் பாவாத,
மாமா


ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு, அத்தைக்கு,

நலம்தானே? டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெயிலைத் திறந்தேன். அவர் வந்து, "ஏம்மா முகம் வீங்கியிருக்கு, பல் வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். பிடுங்கப் பார்த்தார், தப்பித்து வந்தேன்.

அவசரமாக எழுதுகிறேன். இரண்டு லாரிகளுக்குக் கேபின் கண்ணாடி உடைந்துவிட்டது. அடுத்த வாரம் அண்ணன் உங்கள் ஊருக்குத்தான் வருகிறான். வேறு கடைக்குப் போக மாட்டான், உங்களிடம்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு நானே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். சான்றிதழ்கள் கைக்கு வராமல் சொன்னால் பீரோவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான். முன்பே எடுத்தாலும், தினமும் பீரோவில் பணம் வைக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

மாமா, வாயைத் திறக்காதீர்கள். முகத்தைக்கூடத் திறக்காதீர்கள்.

ஸ்பேனர்


ஜூன் 12

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உன் காரியம் பத்திரம். இப்போது மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

உன் அண்ணன் பெரியவன் வந்தான். நான் உன் சொல்படி முகத்தை இழுத்து மூடிக்கொண்டு அளவு மட்டும் கேட்டேன். "என்ன மாமா, உடம்பு சரியில்லையா? வந்து இவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் ஒரு கதையும் காணோம்" என்றான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த கண்ணாடியையே துடைத்தேன்.

அப்போது தையல்காரர் கழுத்தில் டேப்போடு ரோட்டைத் தாண்டி வந்தார். "வாங்க தம்பி! ரொம்ப சந்தோஷம். தங்கச்சி கப்பல் எஞ்சின் படிக்கப் போகுதாமே! திங்கக்கிழமை சேருதாமே!"

என் கையிலிருந்த துணி நழுவியது.

"யார் தங்கச்சி?" என்றான் பெரியவன்.

"உங்க தங்கச்சிதான். ஸ்பேனரு."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இவரு கம்ப்யூட்டர்லதான் தெரியுதே!" என்று தையல்காரர் என் தலைக்கு மேல் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். மருமகளே, நான் மாட்டி அழகுபடுத்திய அத்தனை கண்ணாடியிலும் என் கம்ப்யூட்டர் திரை பளபளவென்று தெரிகிறது! கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித்தானே தெரியும் என்கிறாயா? தையல் கடையில் சட்டை போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. என் கண்ணாடியில் மாறிய எழுத்து அவர் கண்ணாடியில் போய் நேராகிவிடுகிறது. மிஷினில் உட்கார்ந்தபடியே பிப்ரவரியிலிருந்து படித்திருக்கிறார்! அந்த ஆளுயரக் கண்ணாடியை அளவெடுத்து, வெட்டி, மாட்டிக் கொடுத்தது யார்? நான்தான். எழுத்தை போஸ்டர் அளவுக்குப் பெரிசாக்கியது யார்? அதுவும் நான்தான்.

பெரியவன் முகம் மாறியது. "மாமா, என்ன இது?"

இல்லை என்று சொல்லலாம். ஆனால் என்னை உனக்குத் தெரியும், நான் இல்லை என்று சொன்னால் அதிலேயே ஆமாம் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். எடுத்து விட்டேன்.

"ஆமா மருமகனே! இன்னுமா உனக்குத் தெரியாது? பயிற்சிப் பள்ளித் தலைவர் நேரா இந்தக் கடைக்கே வந்தார். நட்டநடு ரோட்ல காரை நிறுத்திட்டு வந்தார். 'ஐயா, துறைமுகத்துல ஒரு கப்பல் ஒரு மாசமா நகர மாட்டேங்குது, உங்க மருமக வந்து கைய வச்சாத்தான் ஆகும்'னு சொன்னார்."

பெரியவன் உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. "எங்க உக்காந்தார்?"

"இதோ, இந்த ஸ்டூல்லதான்."

"அதுக்கு மூணு கால்தானே இருக்கு?"

"கப்பல்காரர் இல்லையா, ஆட்டம் பழக்கம். ஆடிக்கிட்டே உக்காந்தார்."

"அப்ப அந்த மெயில்?"

"அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன்!"

அவ்வளவுதான், பெரியவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "அப்படிச் சொல்லுங்க! நீங்களே அடிச்சு, நீங்களே படிச்சுக்கிட்டீங்களா?" என்று தையல்காரர் பக்கம் திரும்பி, "இவர் சொல்றதப் போய் நம்பிட்டீங்களே!" என்றான். தையல்காரருக்கு அசடு வழிந்தது. சத்தம் கேட்டு நாலு கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். பெரியவன் இன்னும் கொஞ்சம் பேசினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேபின் கண்ணாடியை வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். மேஜையைப் பழைய இடத்துக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். உன் காரியம் பத்திரம். வேலை இருக்கிறது.

மாமா


ஜூன் 22
பயிற்சிப் பள்ளி விடுதி

அன்புள்ள மாமாவுக்கு, அத்தைக்கு,

சேர்ந்துவிட்டேன்! நீங்கள் கண்ணாடி மாட்டிய ஜன்னல் வழியாகத்தான் சான்றிதழ்களை நீட்டினேன். விடுதி அறையில் நான்கு பேர். ஒருத்தி தூக்கத்தில் பேசுகிறாள், இன்னொருத்தி பதில் சொல்கிறாள். உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறேன், ஆனால் முதல் மாதம் வெளியே விட மாட்டார்கள், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதம் மட்டும்தான். உங்களுக்கு எப்படி இருக்கிறது?

ஞாயிறு காலை சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னேன். பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப மாமா சொன்னது நிஜமா?" ஆமாம் என்றேன். நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான். அம்மா அழுதார். அண்ணன் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனால் என் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றியது அவன்தான்.

மாமா, அன்றைக்கு அவன் "இன்னும் கொஞ்சம் பேசினான்" என்று எழுதியிருந்தீர்கள். என்ன பேசினான்? நீங்கள் எதையும் கொஞ்சம் என்று எழுதுகிறவர் இல்லையே.

ஸ்பேனர்


ஜூலை 1

அன்பு மகளுக்கு, அத்தை எழுதுவது.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் மாமா பதில் எழுதுவார் என்று காத்திருந்தேன். தாளை எடுத்து வைப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் அண்ணன் எல்லோர் முன்னாலும், "மாமா, உங்க வாயில வந்த ஒரு வார்த்தையாவது இந்தத் தெருவுல யாராவது நம்பியிருக்காங்களா? நம்புனவங்க கைய தூக்குங்க பாக்கலாம்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஒரு கையும் எழவில்லை. தையல்காரர்கூடத் தூக்கவில்லை. உள்ளே நின்றிருந்த நானும் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் உன் காரியம் கெட்டுப்போயிருக்கும். மாமாவும் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து கடையில் அளவும் விலையும் மட்டும்தான் பேசுகிறார். வாங்க வந்தவர்கள், என்ன அண்ணே, கதை ஒன்றும் இல்லையா என்கிறார்கள். இல்லை என்கிறார். நீ சேர்ந்த செய்தி வந்த அன்று மட்டும் தையல்காரரிடம் போய், என் மருமகள் சேர்ந்துவிட்டாள் என்றார். "ஆமா ஆமா, தலைவர் மறுபடி வந்தாரா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுதியதாகச் சொல்லாதே. இந்த மனுஷன் பேசாமல் இருந்தால் வீடு வீடாக இல்லை.

உன் அத்தை


ஜூலை 14

என் மாமாவுக்கு,

முட்டி, கை, மனசு எல்லாம் எப்படி? எனக்கு இங்கே எஞ்சின் அறை வேலை ஆரம்பித்துவிட்டது. காதுக்குள் இன்னும் சத்தம் ஓடுகிறது. உடுப்பு நீல நிறம், கழுத்திலிருந்து கால் வரை ஒரே துணி. முதுகில் பள்ளியின் பெயர், நெஞ்சில் என் பெயர்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் உட்கார விட்டுவிட்டார்கள், பூட்டிய மெயிலை இனி இங்கேயே திறக்கலாம். இந்த வாரக் கடைசியில் வெளியே விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அந்த உடுப்போடு. முதலில் தையல் கடை வாசலில்தான் வந்து நிற்பேன். நாலு கடைக்காரர்களையும் நானே கூப்பிடுவேன். என் மாமா சொன்னது அத்தனையும் நிஜம் என்று சொல்லுவேன். சேர்ந்தது மட்டுமல்ல, தலைவர் கடைக்கு வந்ததும், ஸ்டூலில் ஆடிக்கொண்டே உட்கார்ந்ததும், துறைமுகத்தில் நகராமல் நின்ற கப்பலும் நிஜம். நான் கை வைத்த பிறகுதான் அது போனது. யாராவது சிரித்தால் அவர்களைக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவேன். கப்பல் அங்கே இருக்காதே!

அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். வரச் சொன்னேன். பதில் வரவில்லை.

உங்கள்,
ஸ்பேனர்


ஜூலை 16

என் மருமகளுக்கு, பூட்டிய மெயிலில், ஒற்றை விரலால்,

எல்லோரும் நலம். ஞாயிறு வேண்டாம். ஞாயிறு தெருவில் பாதிக் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வா, அப்போதுதான் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மெதுவாக நடந்து வா, நடுரோட்டில். பெரியவன் நேற்று போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று கேட்டான். சனிக்கிழமை உண்டு என்று மட்டும் சொன்னேன், வைத்துவிட்டான்.

தலைவர் ஒருவர் வந்ததாக நான் சொன்னது அடக்கத்தினால். நீ இரண்டு பேர் என்றே சொல்லலாம்.

உடுப்பைத் துவைத்துவிடாதே. எண்ணெய் தெரிய வேண்டும்.

மாமா